ஹொட்டேல் மேசையில் ஒரு பிளா கூழ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாண நகரத்தில் இரவு ஏழரை மணிக்கு மேல் ஒரு கணவனும் மனைவியும் நல்ல மேசை ஒன்றில் ஆறுதலாக இருந்து யாழ்ப்பாணச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றால் எங்கே போவது? இதுதான் என் கேள்வி. காசு கொடுக்கத் தயாராக வந்த ஆக்கள்தான் கேட்கிறோம். வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்க இரண்டு வரிக் குறிப்புகளே எழுதிப் பழகியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு அதற்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன், கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது இணுவில். கல்யாணம் செய்து போனது மட்டக்களப்புக்கு. ஊருக்கு வருவது புதிதில்லை, ஆனால் வந்ததெல்லாம் செத்த வீடு, கல்யாண வீடு, காணி அலுவல், கோயில் திருவிழா என்றுதான். இவரும் நானும் மட்டும், ஓர் அலுவலும் இல்லாமல், நகரத்தில் நின்று சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டு விட்டு வருவதற்கென்று வந்ததேயில்லை. இந்த வைகாசியில் எங்கள் கல்யாண நாளுக்காக மெல்பேணில் இருக்கிற மகள் நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஹொட்டேலில் அறை பதிவு செய்து காசும் கட்டி விட்டாள். "அம்மா, ஒருதரின்ர வீட்டிலும் நிண்டு பாத்திரம் கழுவாமல் நாலு நாள் சும்மா இருங்கோ" என்பது அவளுடைய உத்தரவு.

அந்த உத்தரவை சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்துவது சின்ன வேலை இல்லை. கொக்குவிலில் இருக்கிற மச்சாள் தொலைபேசியிலேயே தொடங்கி விட்டா. "வீடு வாசல் இருக்க ஹொட்டேலிலையோ நிக்கிறியள்? மேல் வீடு முழுக்கச் சும்மா கிடக்கு. அயலட்டை என்ன நினைக்கும்?" என்றா. மேல் வீடு சும்மா கிடப்பது உண்மைதான். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடா. ஆறு அறை வீட்டில் அவவும் அத்தானும் ஒரு நாயும். பிறகு பருத்தித்துறையில் இருக்கிற தம்பி முறையானவர், அளவெட்டியில் சின்னம்மா என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பகலில் அவர்களிடம், இரவில் ஹொட்டேலில். மத்தியானச் சாப்பாடு சொந்தக்காரர் பொறுப்பு, இரவுச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் தனியே.

அந்த இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஹொட்டேலின் பெயர் தேவையில்லை. அறை சுத்தம், பொடியள் மரியாதை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிடும் இடம் மேல் மாடியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பண்ணைக் கடல் மங்கலாகத் தெரிகிறது, கோட்டைப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. மேசையில் வெள்ளைத் துணி, மடித்து நிறுத்தி வைத்த துடைக்கும் துணி, இரண்டு விதக் கிளாஸ். இவர் கோட்டைப் பக்கம் பார்த்து விட்டு, "ஒல்லாந்தர் எங்கட மட்டக்களப்புக் கோட்டைய 1638 இலேயே பிடிச்சிட்டாங்க. இஞ்ச வந்து சேர 1658 ஆகிட்டு" என்று ஊர்ப் பெருமை பேசத் தொடங்கினார். எந்தக் கோட்டை முதலில் விழுந்தது என்பதில் என்ன பெருமையோ தெரியாது. சரி, நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மெனு வந்தது. தடித்த மட்டை போட்ட புத்தகம். சிக்கன் பிறைட் றைஸ், மிக்ஸட் பிறைட் றைஸ், நாசி கொரெங், டெவல்ட் சிக்கன், டெவல்ட் இறால், கிளப் சான்ட்விச், பாஸ்தா. புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் கடைசிப் பக்கத்தில் "யாழ்ப்பாணச் சுவைகள்" என்று ஒரு பெட்டி. அதற்குள் நண்டுக்கறி, கணவாய்க்கறி, பிட்டு. கேட்டால் நண்டு இல்லை, முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கணவாயும் இல்லை. பிட்டு காலையில் மட்டும். ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் எங்கள் கூழ் உண்டா என்று கேட்டேன். பரிமாறுகிற தம்பி வெட்கப்பட்டுச் சிரித்து விட்டு, "கூழ் எல்லாம் வீட்டிலதானே அன்ரி குடிக்கிறது" என்றார்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபமே இல்லை. அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமில்லை, யாழ்ப்பாணம் முழுக்க அப்படித்தான் நினைக்கிறது. வீட்டில் குடிக்கிறது வீட்டுக்கு, வெளியில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். நாங்கள் டெவல்ட் இறாலும் பிறைட் றைஸும் சாப்பிட்டோம். கெட்டுப் போன சாப்பாடு இல்லை, உப்புப் புளி எல்லாம் சரியாகவே இருந்தது. இவர் இரண்டு கரண்டி சாப்பிட்டு விட்டு, "ஏன் புள்ள, இத நம்மட ஊரிலயே திண்டிருக்கலாமே" என்றார். வாவிக் கரையில் பிறந்து வளர்ந்த மனிசனுக்கு இறாலைச் சீனித் தக்காளிச் சாறில் பிரட்டிக் கொடுத்தால் வேறு என்ன சொல்லுவார்?

அடுத்த நாள் இரவு வேறு இடத்துக்குப் போனோம், அதற்கடுத்த நாள் இன்னோரிடம். அடிப்படையில் மெனு ஒன்றுதான், மட்டையின் நிறம்தான் வேறு. ஓர் இடத்தில் "ஜவ்னா கிராப் கறி" என்று கிடைத்தது. தேங்காய்ப்பால் விட்டு, வெள்ளைக்காரருக்காக உறைப்பைக் குறைத்து, ஆற வைத்து, மேலே கொத்தமல்லி இலை தூவிக் கொண்டு வந்தார்கள். என் பெரியம்மா நண்டுக்கறிக்குப் போடுவது முருங்கையிலை. நண்டை இறக்கப் போகும் நேரத்தில் ஒரு பிடி, பெருஞ்சீரகத் தூளோடு. அந்த மணம் இல்லாத நண்டுக்கறிக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைக்க ஓர் அனுமதி எடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தால் நான் வாக்குப் போடுவேன்.

நல்ல சாப்பாடு நகரத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மலாயன் கபேயில் வாழையிலை போட்டு மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டோம், இவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். நல்லூரில் பின்னேரப் பூசை பார்த்து விட்டு ரியோவில் ஐஸ்கிறீம் குடித்தோம். (யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் குடிக்கிறதுதான், சாப்பிடுவதில்லை.) திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கண்ணுக்கு முன்னால் தோசை சுட்டுத் தந்தார்கள். மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கி வைத்த அந்த இடத்தை நான் வாய் நிறையப் புகழுவேன். ஆனால் அது மரக்கறி, தட்டை நாங்களே எடுத்துக்கொண்டு போய் இருக்க வேண்டும், சாப்பிட்டதும் எழும்பி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கல்யாண நாளுக்குச் சேலை உடுத்துக் கொண்டு போய் இரண்டு மணித்தியாலம் கதைத்துக் கொண்டிருக்கிற இடம் அதுவல்ல. அவர்களும் அதற்கென்று நடத்தவில்லை.

இனிப் பகல் பக்கத்துக்கு வருகிறேன். நல்ல சாப்பாடெல்லாம் அங்கேதான் இருந்தது.

வெறுங்கையோடு போக முடியாது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். நாங்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தது முட்டியில் எருமைத் தயிரும் மருதமுனைச் சாரங்களும். தயிர் முட்டியை வவுனியா தாண்டி ஆனையிறவு வரை சரியாமல் பிடித்துக் கொண்டு வந்தது இவருடைய கெட்டித்தனம். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தேத்தண்ணி, பிஸ்கட், வாழைப்பழம். "வேண்டாம்" என்றால் அது "கொஞ்சமாகத் தாருங்கள்" என்று எடுத்துக் கொள்ளப்படும். அதன் பிறகு சாப்பாடு. கொக்குவில் மச்சாள் ஹொட்டேல்க் கோபத்தைச் சமையலில் காட்டினா. சுறா வறை, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, கணவாய்ப் பிரட்டல், மாங்காய்ச் சொதி. "ஹொட்டேலில இது தருவினமோ?" என்று ஒவ்வொரு கறி வைக்கும்போதும் கேட்டா. தரமாட்டார்கள் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அத்தான் மட்டும் தயிரைச் சாப்பிட்டுக் கொண்டு பேசாமல் இருந்தார்.

பருத்தித்துறைக்குப் போன நாள் தம்பி எங்களை ஓடக்கரைக்குக் கூட்டிக் கொண்டு போய்ச் சூடாகத் தோசை வாங்கித் தந்தார். தட்டை வடை கட்டித் தந்து விட்டார். தட்டை வடையில் இவர் காட்டிய மரியாதை எங்கள் கல்யாணத்தில் என் தகப்பனாருக்குக் கூடக் காட்டியதில்லை.

ஆனால் உண்மையான விருந்து இணுவிலில். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டி விட்டது. முழங்கால் ஏலாது. நான் வருகிறேன் என்றதும் அவ செய்த முதல் வேலை ஒடியல் மாவை, அதாவது பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த மாவை, எடுத்து வெயிலில் காட்டியது. முந்திய நாள் சின்னம்மாவையும் அளவெட்டியில் இருந்து வரவழைத்து விட்டா. காலையில் நாங்கள் போகும்போது மாவைத் தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த தண்ணீரை ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி ஊற்றி, அதன் கயர்ப்பை எடுத்துக் கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் அவசரப்பட்டால் கூழ் முழுக்கக் கைக்கும். பின் வளவில் மூன்று கல் அடுப்பு. பெரிய பானை. மீன் தலைகள், ஒரு கைபிடி அரிசி, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு முதலில். அவை பாதி வெந்த பிறகு உடைத்த நண்டு, இறால், மீன் துண்டுகள். பிறகு அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், பழப்புளி. எல்லாம் வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றிப் பெரிய அகப்பையால் துழாவ வேண்டும். கடைசியில் முருங்கையிலை. பெரியம்மா கதிரையில் இருந்து கொண்டு துழாவும் சத்தத்தை வைத்தே, "இன்னும் தடிக்கேல்லை, அடியைப் பிடிச்சுத் துழாவு" என்று சொன்னா. பார்க்கக்கூட இல்லை. கண்ணும் அவ்வளவாகத் தெரியாது.

நண்டு பற்றியும் ஒரு பாடம் நடந்தது. நிலவுக் காலத்து நண்டில் சதை இருக்காது, அமாவாசையை ஒட்டி வாங்க வேண்டும் என்பது அவவுடைய சட்டம். நல்ல நீலக்கால் நண்டை இப்போது ஏற்றுமதிக் கம்பனிக்கு என்று கரையிலேயே எடுத்து விடுகிறார்கள், சந்தைக்கு வருவது மிச்சம் என்று சின்னம்மா குறைப்பட்டா. அதைக் கேட்டபோது கொழும்பு ஞாபகம் வந்தது. கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011 இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற உணவகத்துக்கு மகள் எங்களை ஒருமுறை கூட்டிக் கொண்டு போயிருக்கிறாள். மஹேல ஜயவர்தனவும் குமார் சங்ககாரவும் பங்காளிகளாகத் தொடங்கிய இடம். அங்கே களப்பு நண்டை நிறுத்து, அரைக் கிலோவில் இருந்து இரண்டு கிலோவுக்கு மேலேயும், ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். சனம் முன்கூட்டியே மேசை பதிந்து விட்டு வருகிறது. விலையைக் கேட்டு இவர் தண்ணீர் குடித்தார். நண்டையே முதலாக வைத்துக் கொழும்பில் அப்படி ஓர் இடம் நடத்த முடிகிறது. நண்டு பிடிக்கிற எங்கள் ஊரில் நண்டைக் கேட்டால் "முதல் நாளே சொல்லியிருக்க வேணும்" என்கிறார்கள்.

கூழ் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் வந்தது. பக்கத்தில் தேங்காய்ச் சொட்டு. வாயில் வைத்ததும் உறைப்பில் கண்ணீர் வந்தது. மாமரத்துக்குக் கீழே எல்லோரும் மூக்கைச் சிந்திக் கொண்டு, பிளாவை நீட்டி நீட்டி இன்னும் இன்னும் என்று வாங்கிக் கொண்டு, பழைய கதைகள். இவர் எத்தனை பிளா குடித்தார் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் கண்ணூறு. அன்றைக்கு இரவு ஹொட்டேலில் ஒன்றும் வேண்டாம் என்று ஒரு பிளேன்ரீயோடு படுத்தோம்.

இதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் பெரியம்மாவுக்குப் பிறகு அந்தப் பானையைத் துழாவ ஆள் யார்? சின்னம்மாவின் மகள் இலண்டனில். என் மகள் மெல்பேணில். எனக்குச் செய்யத் தெரியும், ஆனால் மட்டக்களப்பில் ஒடியல் மாவுக்கு ஆளிடம் சொல்லித்தான் எடுக்க வேண்டும். சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்குத்தான் யாழ்ப்பாணச் சாப்பாடு என்று ஆகி விட்டால், சொந்தக்காரர் எல்லாரும் வெளிநாடு போன பிறகு அது யாருக்கு?

ஹொட்டேல்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இரவு வெளியில் சாப்பிடுகிற பழக்கமே புதிது. என் சின்ன வயதில் கடையில் சாப்பிடுகிறவன் என்றால் வீட்டில் பெண்சாதியோடு சண்டை என்று அர்த்தம். பிறகு 1990 தொடக்கம் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி வைத்த விளக்கில் இரவுச் சாப்பாடு. அந்த வெளிச்சத்தில் மீன் முள் எடுக்கப் பழகிய கைகள் எங்களுடையவை. பிறகு இடப்பெயர்வு, ஊரடங்கு, பாதை பூட்டு. 2006 இல் பூட்டிய ஏ9 வீதி 2009 இல்தான் திறந்தது. யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். பலாலியில் சர்வதேச விமான நிலையம் 2019 இல். இந்தப் பாதைகள் திறக்கத் திறக்கத்தான் பெரிய ஹொட்டேல்கள் வந்தன. வரும்போது கொழும்பில் இருந்த மெனுவையும் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்து விட்டன. இரவில் வெளியில் சாப்பிட்டுப் பழகாத ஊருக்கு இரவு மெனு ஒன்று சொந்தமாக இருக்கவில்லை. இருந்த வெற்றிடத்தில் பிறைட் றைஸ் வந்து குந்தி விட்டது.

கடைசி நாள் இரவு எங்கள் ஹொட்டேலின் சமையல்காரத் தம்பியைக் கூப்பிட்டுக் கதைத்தேன். கொழும்பில் படித்து டுபாயில் வேலை செய்து விட்டுத் திரும்பி வந்த பிள்ளை. அவருக்கும் கூழ் விருப்பம். அவர் சொன்ன தடைகளில் நியாயம் இருந்தது. இரண்டு பேருக்குக் கூழ் வைக்க முடியாது, பானையாகத்தான் வைக்க வேண்டும், மிஞ்சினால் அடுத்த நாளுக்கு வைக்க ஏலாது. மாவில் கயர்ப்பு எடுக்க ஆள் வேண்டும். மீன் விலை ஒரு நாளைப் போல ஒரு நாள் இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒரு வாய் வைத்து விட்டு உறைப்பு என்று திருப்பி அனுப்பி விடுவார்கள். "அன்ரி, பிறைட் றைஸ் எண்டால் பத்து நிமிசம்" என்றார்.

சரி, பானையாகத்தான் வைக்க வேண்டும் என்றால் பானையாகவே வையுங்கள். கிழமையில் ஒரு நாள். முதல் நாள் பகல் வரைக்கும் பதிவு. எந்த நாள் என்பதையும் நானே யோசித்து விட்டேன். வெள்ளி ஆகாது, சனம் மரக்கறி. செவ்வாயும் பல வீடுகளில் விரதம். புரட்டாதி வந்தால் சனியும் போய் விடும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நகரத்தில் மச்சத்தை எடுக்கவே கூடாது. கந்தசஷ்டியும் அப்படியே. இவையெல்லாம் போக ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஞாயிறு இரவு கூழ் என்று ஒரு பலகை எழுதி வாசலில் வையுங்கள், கொழும்புக்குத் திங்கள் காலை ரயில் எடுக்கிறவர்கள் கூட ஒரு பிளா குடித்து விட்டுப் போவார்கள். மாவுக்கு அலைய வேண்டியதில்லை. 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை ஒன்று எங்களுக்கு இருக்கிறது, கடைகளில் ஒடியல் மா பாக்கெட்டில் இருக்கிறது. கயர்ப்பு எடுக்க ஆள் வேண்டும் என்றால் இணுவிலிலும் கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் அறுபது வயதுப் பெண்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். ஒரு பின்னேரத்துக்கு ஓட்டோ அனுப்பி அழைத்துக் கைநிறையக் காசு கொடுங்கள். அம்மாச்சியில் பெண்களால் காலையில் கடை நடத்த முடியும் என்றால் உங்கள் குசினியில் கிழமைக்கு ஒரு நாள் நின்று சொல்லிக் கொடுக்க முடியாதா? அந்தச் சமையல்காரத் தம்பி அவர்களிடம் ஒரு மாதம் பழகினால் போதும், பிறகு அவரே துழாவும் சத்தத்தை வைத்துச் சொல்லுவார்.

கூழ் மட்டும் போதாது என்றால் முழு இரவுச் சாப்பாட்டுக்கும் ஒரு வரிசை தருகிறேன். வந்து இருந்தவுடன் சின்னப் பிளாவில் கூழ், நாலு மிடறு, கூடத் தேங்காய்ச் சொட்டு. அது வயிற்றைத் திறந்து விடும். அடுத்தது சுடச்சுடக் குழல் பிட்டு, ஒரு குழல் போதும், அதோடு முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. நண்டு சாப்பிடக் கை கழுவ மேசைக்கே தேசிக்காய் போட்ட வெந்நீர் வர வேண்டும். பிறகு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும், உறைத்த வாய் ஆறுவதற்கு. மரக்கறிக்காரருக்கு நண்டுக்குப் பதில் பலாக்காய்க் கறி. முடிவில், வைகாசி ஆனி என்றால், கறுத்தக் கொழும்பான் மாம்பழம் இரண்டு துண்டு. வேறு மாதம் என்றால் பனங்காய்ப் பணியாரம். ஆடிப்பிறப்பை ஒட்டி வந்தவர்களுக்கு ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். அதன் பிறகு இஞ்சி போட்ட பிளேன்ரீ, சீனி இல்லாமல், கடித்துக் குடிக்க ஒரு பனங்கட்டித் துண்டு. இதற்கு நீங்கள் பிறைட் றைஸின் மூன்று மடங்கு விலை போடுங்கள், பத்து வீத சேவைக் கட்டணத்தையும் வரியையும் மேலே போடுங்கள், நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இதைக் "கலாசார இரவு" ஆக்கி விடாதீர்கள். பரிமாறுகிற பிள்ளைகளுக்கு வேட்டி கட்டி விட்டு, வாசலில் மாட்டு வண்டிச் சில்லு சாத்தி வைத்து, நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் போட வேண்டாம். நாங்கள் கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் கதைக்க வந்தவர்கள். மேசை, வெளிச்சம், கடல் பக்கம் ஒரு யன்னல், சூடு குறையாத கறி. அவ்வளவும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, கறியைத் தவிர.

மச்சாள்மார், சின்னம்மாமார் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று. ஹொட்டேலில் நிற்பது உங்கள் வீட்டைக் குறைத்து மதித்து இல்லை. உங்கள் வீட்டில் நின்றால் நீங்கள் விடிய ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுவீர்கள், நாங்கள் அதைப் பார்த்துக் கொண்டு படுத்திருக்க முடியாமல் எழும்புவோம், இரண்டு பகுதிக்கும் இளைப்பாறல் இல்லை. கொக்குவில் மச்சாளையும் அத்தானையும் கடைசி இரவு ஹொட்டேலுக்குச் சாப்பிட வரச் சொன்னோம். "எங்கட ஊரில எங்களுக்கு நீங்கள் ஹொட்டேலில சாப்பாடு தாறதோ" என்று மறுத்து விட்டுப் பிறகு வந்தா, காஞ்சிபுரம் சேலையோடு. மெனுவை முழுக்க வாசித்து விட்டு, "இதில சாப்பிட ஒண்டும் இல்லையே" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா. அத்தானுக்கு நாசி கொரெங் பிடித்து விட்டது. அதை அவ இன்னும் மன்னிக்கவில்லை என்று கேள்வி.

உங்கள் பத்திரிகையிலும் ஓர் உதவி கேட்கலாம் என்று நினைக்கிறேன். சினிமா எங்கே என்ன ஓடுகிறது என்று போடுகிற மாதிரி, நகரத்தில் எந்தக் கிழமை எந்த இடத்தில் கூழ், எங்கே நண்டு என்று சனிக்கிழமைகளில் ஒரு சின்னப் பெட்டி போட இடம் இருக்குமா? முதலில் அதில் எழுத ஒன்றும் இராது. பெட்டி வெறுமையாக வந்தாலும் பரவாயில்லை, இரண்டு கிழமை வெறும் பெட்டியைப் பார்த்தால் ஹொட்டேல்காரருக்கு ரோசம் வரும்.

மாசியில் புது ஒடியல் காயும் காலத்தில் நாங்கள் மறுபடி வர யோசித்திருக்கிறோம், பெரியம்மாவைப் பார்க்கவும்தான். அதற்குள் எந்த இடமாவது ஞாயிறு இரவுக் கூழ் தொடங்கினால் இரண்டு பேருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போம். மச்சாளும் வருவா, ஆகவே மூன்று என்று வையுங்கள். அத்தானுக்கு நாசி கொரெங். உறைப்பைக் குறைக்க வேண்டாம், இவர் மட்டக்களப்பார் என்றாலும் தாங்குவார்.

இப்படிக்கு,
இணுவிலில் பிறந்து மட்டக்களப்பில் வாழும் வாசகி